கடலில் எறிந்தும் மூழ்காத வாள்

பெரியம்மா: கண்ணா, நீ இங்கே வைத்துவிட்டுப் போன புத்தகத்தைப் புரட்டினேன். அட்டையில் வெள்ளை முடியோடு ஒருவன், கையில் கறுப்பு வாள். அவன்தான் வில்லனா?

தம்பி: அவன்தான் கதாநாயகனே பெரியம்மா. பெயர் எல்ரிக். மைக்கேல் மூர்காக் எழுதியது. முதல் கதை 1961-இல் ஒரு இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்தது.

பெரியம்மா: கதாநாயகனா? கொள்ளைக்காரர்களைக் கப்பல் கப்பலாகக் கூட்டிவந்து, தான் அரசாண்ட ஊரையே எரிக்கிறானே!

தம்பி: அவன் அரியணையை உறவுக்காரன் யிர்கூன் பறித்துக்கொண்டான். எல்ரிக் நேசிக்கும் சைமோரில் அந்த யிர்கூனுக்குத் தங்கை. அவளையும் மந்திரத்தால் தூங்க வைத்திருக்கிறான். அவளை மீட்கத்தான் எல்ரிக் போகிறான்.

அக்கா: மீட்டானா? சண்டையில் யிர்கூன் அவளைத் தள்ளிவிட, எல்ரிக்கின் வாளிலேயே குத்துப்பட்டுச் சாகிறாள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவே இல்லை.

சித்தப்பா: நான் கல்லூரி நாளில் வாடகை நூலகத்தில் கோனன் கதைகளாக எடுத்துப் படித்தவன். ராபர்ட் ஹோவர்ட் 1932-இல் தொடங்கியது. கோனனும் திருடன், கடற்கொள்ளைக்காரன்தான். ஆனால் தன் உடம்பு பலத்தில் நிற்பவன். எல்ரிக் அப்படியே நேர் எதிர். பிறவியிலேயே நோஞ்சான், மூலிகையில் உயிர் ஓடுகிறது. அந்த வாள் வெட்டுப்பட்டவனின் ஆன்மாவைக் குடித்து இவனுக்குத் தெம்பு தரும். இவன் எழுந்து நிற்க இன்னொருவன் சாக வேண்டும்.

தம்பி: அதேதான் சித்தப்பா! அவன் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தபடியே படிக்கிறோம். ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் முகம் தெளிகிறது, நமக்கும் சந்தோஷம். அப்புறம் சைமோரில். அதுவரை சந்தோஷப்பட்டதை நினைத்தால் வயிற்றைப் பிசைந்தது. நல்லவன் கதையில் எனக்கு இப்படி ஆனதே இல்லை.

அக்கா: எனக்குப் பொறுக்காதது அதற்கப்புறம் வருவதுதான். டிராகன்கள் துரத்தும்போது காற்றை மந்திரத்தால் தன் பாய்க்கு மட்டும் வரவழைத்துத் தப்புகிறான். நம்பி வந்த கப்பல்களை அப்படியே விட்டுவிட்டான். அதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

சித்தப்பா: ஏற்க வேண்டாம் அம்மா. ஆசிரியரும் சமாதானம் சொல்லவில்லையே. கார்ல் எட்வர்ட் வாக்னர் எழுதிய கேன் இன்னும் கொடியவன், சாகாவரமே சாபமாக அலைபவன். வாக்னர் மனநல மருத்துவம் படித்தவர். படிக்கும்போது அது தெரியும்.

பெரியம்மா: வாளை என்ன செய்தான்?

தம்பி: கடலில் வீசி எறிகிறான். அது மூழ்கவில்லை பெரியம்மா! மரத்தில் குத்தியது போலத் தண்ணீரில் நட்டுக்கொண்டு நடுங்குகிறது, அலறுகிறது. அவனே நீந்திப் போய் எடுத்துக்கொள்கிறான்.

பெரியம்மா: அடப்பாவி!

பெரியம்மா: முதல் நாள் போரில் தோற்ற ராவணனைக் கம்பர் சொல்வாரே, சங்கரன் கொடுத்த வாளையும் வீரத்தையும் களத்திலேயே போட்டுவிட்டு "வெறுங்கையோடு இலங்கை புக்கான்" என்று. எத்தனை முறை வகுப்பில் அதை நடத்தினாலும் அந்த வரியில் எனக்குத் தொண்டை அடைக்கும். அவனுக்காவது கை காலியானது. இந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லையா?

தம்பி: கடைசியில் அந்த வாள் என்ன செய்கிறது என்று சொல்லட்டுமா?

பெரியம்மா: சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வரும்போது மீதிப் புத்தகங்களையும் எடுத்து வா.