வேவ்-னா எத்தனை அர்த்தம்? கடல் அலை, மைக்ரோவேவ், கை ஆட்டுறது எல்லாம் ஒண்ணா?

செல்வி_தஞ்சை:
ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு நேத்து கேட்டா, கடல்ல வர்றதும் வேவ், சூடு பண்ற அடுப்பும் மைக்ரோவேவ், வெயில் அடிச்சா ஹீட் வேவ், ஸ்டேடியத்துல வரிசையா எழுந்து உக்காந்தா மெக்சிகன் வேவ், பஸ் கிளம்பறப்ப கை ஆட்டுனாலும் வேவ், எப்படிம்மா எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைனு. மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்ல மனசு வரல. இதுல எது நிஜமாவே அலை, எது பேருக்கு மட்டும் அலை? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குமரன்:
அருமையான கேள்விங்க மேடம். ஒரே சோதனை போதும், ஆட்டம் மட்டும் நகரணும், ஆடுற பொருள் அங்கயே இருக்கணும். குளத்துல கல்லைப் போட்டா வட்டம் கரை வரைக்கும் வரும், மிதக்குற இலை வராது, இருந்த எடத்துலயே ஏறி இறங்கும். அப்படிப் பாத்தா மெக்சிகன் வேவ் அசல் அலை, யாரும் சீட்டை விட்டு நகரல ஆனா அலை ஸ்டேடியத்தையே சுத்தி வருது. 1986 மெக்சிகோ ஃபுட்பால் உலகக் கோப்பைல டிவில எல்லாரும் பாத்ததால அந்தப் பேரு நின்னுடுச்சு. 2002ல நேச்சர் இதழ்ல இதை வீடியோ வச்சு அளந்தே எழுதினாங்க, செகண்டுக்கு சுமார் 20 சீட் தாண்டுது, பெரும்பாலும் கடிகாரம் சுத்துற பக்கமாத்தான் போகுது, ஆரம்பிச்சு வைக்க சில டஜன் பேர் போதும்.

மைக்ரோவேவும் அசல்தான், அங்க ஆடுறது மின்புலமும் காந்தப்புலமும். வீட்டு அடுப்புல அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடில பொடிப்பொடி ஓட்டையா ஒரு தகடு இருக்கும் பாருங்க, அந்த ஓட்டை அலைநீளத்தை விட ரொம்ப சின்னதுங்கறதால மைக்ரோவேவ் வெளிய வராது, வெளிச்சத்தோட அலைநீளம் அதை விடவும் பொடிசு அதனால உள்ள இருக்கிறது நமக்குத் தெரியுது. பொண்ணுக்கு கண்டிப்பா காட்டுங்க.

நாகை_மீனவன்_மகன்:
குமரன் அண்ணா சொன்னதுல ஒண்ணு சேக்கணும், இலை கணக்கு ஆழத்துலதான் சரி. சுனாமி 4,000 மீட்டர் ஆழக் கடல்ல மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்துல போகும் ஆனா உயரம் ரொம்பக் கம்மி, நீளமோ நூறு கிலோமீட்டருக்கு மேல, அதனால படகுல இருக்கவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. கரை கிட்ட ஆழம் குறையக் குறைய வேகம் குறைஞ்சு உயரம் ஏறும், அப்புறம் தண்ணியே ஊருக்குள்ள ஓடி வரும். 2004 டிசம்பர் 26ல எங்க கரைல நடந்தது அதுதான். அலைல தண்ணி நகராதுன்னு மட்டும் புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்காதீங்க, கடல் திடீர்னு உள்வாங்குனா மேட்டுக்கு ஓடணும்ங்கறதையும் சேத்து சொல்லுங்க.

வாசுகி:
ஹீட் வேவ் இந்த சோதனைல தேறாது. எதுவும் ஏறி இறங்கி ஓடல, சூடு வந்து சில நாள் நின்னுட்டுப் போகுது, அவ்வளவுதான். வானிலைத் துறைக்கு அது ஒரு அளவுகோல், சமவெளில குறைஞ்சது 40 டிகிரி, கடலோரத்துல 37, அதோட வழக்கத்தை விட 4.5 டிகிரியாவது கூட இருக்கணும். கொரோனா ரெண்டாவது அலையும் அந்த மாதிரிதான், எண்ணிக்கை ஏறி இறங்குறதை கிராஃப்ல பாத்து வச்ச பேரு. இந்திரா காந்தி கொலைக்கு அப்புறம் 1984ல காங்கிரஸ் 400 சீட்டுக்கு மேல ஜெயிச்சதை அனுதாப அலைன்னு நம்ம பேப்பர்ல எழுதுனாங்களே, அங்கயும் அடிச்சுட்டுப் போற வேகம்தான் அர்த்தம்.

தமிழாசிரியர்_குடந்தை:
கை ஆட்டுறதை யாரும் தொடல. இங்கிலீஷ்ல அதுதான் பழசு, முன்னும் பின்னும் அசைக்கிறதுங்கற வினை மொதல்ல, கடல் அலைக்கு அந்தக் காலத்துல வேற சொல் இருந்துச்சு, 1500களுக்கு மேலதான் இந்தச் சொல் அந்த எடத்துக்கு வந்துச்சு. நம்மகிட்டயும் அலைங்கறது பேரும்தான் வினையும்தான், அலைச்சல், அலைக்கழிக்கிறது எல்லாம் நெனச்சுப் பாருங்க. அதனால பொண்ணுகிட்ட அசைவுல இருந்து ஆரம்பிங்க, கடலுக்கு அப்புறம் வரலாம்.

ராஜி:
கடனை வேவ் பண்ணிட்டாங்கன்னு சொல்றது மட்டும் இந்தக் குடும்பமே இல்ல. அதுக்கு ஸ்பெல்லிங்ல நடுவுல ஒரு ஐ வரும், அர்த்தம் தள்ளுபடி. சொல்றது ஒரே மாதிரி இருக்கதால பரீட்சைல நிறைய பிள்ளைங்க மாத்தி எழுதுறாங்க, இதையும் சொல்லி வைங்க.