ஜாஜர்கோட் பக்கம் கிறிஸ்தவ விடுதிப் பள்ளியில் வார்டன் வேலை: நிலநடுக்கத்துக்குப் பிறகு அன்றாடம் எப்படி?

பெருமாள்மலை:

ஸ்தோத்திரம். மேற்கு நேபாளம் ஜாஜர்கோட் மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவ விடுதிப் பள்ளிக்கு வார்டனாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூடவே கணக்குப் பாடமும் எடுக்க வேண்டும். வருகிற சித்திரையில் சேர வேண்டும். 2023 நவம்பர் நிலநடுக்கத்தில் பழைய கல் கட்டடத்துக்குச் சிவப்பு (உள்ளே போகக் கூடாது என்ற அடையாளம்) ஒட்டிவிட்டார்களாம். வகுப்பு, விடுதி இரண்டும் இப்போது தகரக் கொட்டகையில். விடுதியில் 60 பிள்ளைகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை. கொடைக்கானலில் வார்டன் வேலை பழக்கம்தான், நில அதிர்வு பழக்கமில்லை. நாள் எப்படி ஓடும், இரவில் என்ன ஏற்பாடு வேண்டும், எதில் ஏமாந்துவிடக் கூடாது என்று அங்கத்திய நடப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூக்கல்தொரை:

முதலில் நாட்காட்டி. வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், தேர்வு அட்டவணை எல்லாம் விக்ரம் சம்வத் என்ற நேபாள நாட்காட்டிக் கணக்கு. தமிழருக்கு இது சுலபம், இரண்டுமே சூரிய மாதம். அவர்கள் பைசாக் நம் சித்திரை, ஜேட் நம் வைகாசி, அசார் நம் ஆனி. ஒரு நாள் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பெயரை நம்பாதீர்கள். அவர்கள் ‘கார்த்திக்’ என்பது நம் ஐப்பசி. இந்த நிலநடுக்கத்தையே அங்கே 2080 கார்த்திக் 17 என்பார்கள். நமக்கு அது ஐப்பசி 17, நவம்பர் 3 வெள்ளி இரவு. புதுக் கல்வியாண்டு பைசாக்கில் தொடங்கும்.

அடுத்தது வாரம். ஞாயிறு முதல் வெள்ளி வரை பள்ளி, பல இடங்களில் வெள்ளி அரை நாள். விடுமுறை சனி மட்டும். சபை ஆராதனையும் சனிக்கிழமைதான். ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்ப் பழகியவருக்கு முதல் மாதம் தடுமாறும். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு நேரமும் வேறு. காலையில் டீ மட்டும். ஒன்பது, ஒன்பதரைக்கு முழுச் சாப்பாடு: பருப்பு, சோறு, ஒரு காய். பத்து மணிக்கு வகுப்பு. மதியம் ஒன்று, ஒன்றரைக்குச் சிற்றுண்டி. பெரும்பாலும் அவல், சுண்டல், நூடுல்ஸ். இரவு ஏழுக்கு மறுபடி பருப்பும் சோறும். இட்லி தோசையை மறந்துவிடுங்கள். சமையல்காரரிடம் மதியச் சாப்பாடு கேட்டு வம்பு வளர்க்க வேண்டாம்.

வழி: சென்னையிலிருந்து லக்னோ வரை ரயில், அங்கிருந்து ரூபைடிஹா எல்லைக்குப் பேருந்து, எல்லை தாண்டினால் நேபாள்கஞ்ச், பிறகு மலைப்பாதை. இந்தியருக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும். விமானத்தில் போவதானால் ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பணம்: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது மாறாத விகிதம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டு பல ஆண்டுகள் அங்கே செல்லாமல் இருந்தது, இப்போது எப்படி என்று கேட்டுக்கொண்டு போங்கள். சம்பளம் எந்த ரூபாயில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘முப்பதாயிரம்’ என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு அர்த்தம்.

பண்ணைக்காடு:

அண்ணன் பகலைச் சொல்லிவிட்டார். வார்டன் வேலை இரவில்தான் இருக்கிறது. நேபாளத்தின் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் சனிக்கிழமை பகல் 11:56க்கு வந்தது. பள்ளி விடுமுறை, வகுப்பறைகள் காலி. ஜாஜர்கோட்டில் வந்தது இரவு 11:47க்கு, எல்லாரும் தூக்கத்தில். உங்கள் ஏற்பாடெல்லாம் இந்த இரண்டாவது கணக்குக்குத்தான் இருக்க வேண்டும்.

கொட்டகைக்கு எதிரெதிரே இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இரவில் வெளியே பூட்டுப் போடும் வழக்கம் பல விடுதிகளில் உண்டு. போன முதல் நாளே அதை நிறுத்துங்கள். உள்தாழ்ப்பாள் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். சட்டம் கோணினால் தாழ்ப்பாள் இறுகிவிடும், அதனால் நாதாங்கியில் விரல் நுழையும் அளவு இடம் விடுங்கள்.

அடுக்குக் கட்டில் என்றால் இரண்டடுக்கோடு நிறுத்துங்கள். இரண்டிரண்டாகப் போல்ட் போட்டுச் சேர்த்தால் சாயாது. பெட்டி எல்லாம் கட்டிலுக்கு அடியில்; மேலே, தலைமாட்டில் எதுவும் வேண்டாம். நடுவழி மூன்றடி காலியாக இருக்கட்டும். செருப்பு அவரவர் கட்டில் காலோடு ஒரு துணிப்பையில் தொங்கட்டும். இருட்டில் ஓடும்போது பிள்ளைகளுக்கு அடிபடுவது பெரும்பாலும் காலில்தான், கண்ணாடிச் சில்லும் ஆணியும்.

தலை எண்ணுவது: 60 பேரைப் பத்துப் பத்தாக ஆறு குழுவாக்குங்கள். குழுவுக்கு ஏழாவது, எட்டாவது படிக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. அவர் பத்தை எண்ணுவார், நீங்கள் ஆறை எண்ணினால் போதும். அன்றைக்கு ஊருக்குப் போனவர்கள், காய்ச்சல் அறையில் இருப்பவர்கள் பெயரோடு இரவுப் பட்டியல் கதவருகே கயிற்றில் தொங்க வேண்டும். அலுவலகத்துக்குள் பூட்டிய பதிவேடு அந்த நேரத்துக்கு உதவாது. விசில் ஒன்று கழுத்தில். பள்ளி மணியை எச்சரிக்கைக்குப் பயன்படுத்தவே கூடாது. அப்புறம் மூன்றாம் பீரியட் மணிக்கே பிள்ளைகள் அலறும்.

வெளியே கூடும் இடத்தில் ஒரு தகரப் பெட்டியில் கம்பளி வைத்துவிடுங்கள். மார்கழி, தையில் அரைமணி நேரம் வெறும் உடம்போடு நிற்க வைத்தால் அதிர்வைவிடக் குளிர்தான் கேடு. குளிர் என்பதற்காக மூடிய கொட்டகைக்குள் கரிக் கணப்புச் சட்டி ஒருபோதும் வேண்டாம். புகை தெரியாது, வாடை தெரியாது, தூங்கினவர் எழ மாட்டார்.

அதிர்வு வந்த உடனே எல்லாரையும் வெளியே ஓடச் சொல்லிப் பழக்குங்கள், அதுதான் முக்கியம்.

கேத்தி:

பண்ணைக்காடு சொன்னதில் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். கட்டடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மண் சாந்துக் கல் கட்டடத்தின் தரைத்தளத்தில் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் வெளியே பாய்வது சரி. நல்ல கான்கிரீட் கட்டடத்தில் மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடிப்பதே சரி. மூங்கிலும் தகரமும் போட்ட கொட்டகையில் கூரை விழுந்தாலும் நசுக்காது. அங்கே ஆபத்து வாசலில் ஏற்படும் நெரிசல். ஆட்டம் நிற்கும்வரை கட்டிலிலேயே குப்புறப்படுத்து, தலையணையால் தலையை மூடச் சொல்லுங்கள். நின்றதும் குழுவாக வெளியே. முதல் ஒத்திகையில் மூன்று நான்கு நிமிடம் ஆகும். வாரம் ஒருமுறை, அதில் மாதம் ஒன்று இருட்டில் செய்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிடும்.

சிவப்பு ஒட்டிய கட்டடத்துக்கு வருவோம். அந்தப் பக்கத்துச் சுவர் வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவே சல்லியும் மண்ணும். இரண்டு வரிசையையும் இணைக்கும் ஊடுகல் இல்லாவிட்டால் குலுக்கலில் சுவர் இரண்டாகப் பிளந்து வெளிப்பக்கம் சரியும். ஜன்னல் மட்டத்திலும் லிண்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரம்) மட்டத்திலும் பெல்ட் (சுவரைச் சுற்றிவரும் கட்டுப்பட்டை) ஓடாத சுவருக்கு மூலையில் பிடிப்பே கிடையாது. அதனால் ‘ஸ்டோர் ரூமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். அரிசி மூட்டை எடுக்க ஒரு பிள்ளையை உள்ளே அனுப்பும் நாள் வந்தே தீரும். சுவர் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி வேலி போடுங்கள்.

மற்றக் கட்டடங்களில் விரிசல் இருந்தால், அதன் முனையில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை ஒன்று அப்பிவிடுங்கள். பட்டை வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பூச்சில் தலைமுடிபோல ஓடும் விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நிற்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, அல்லது பெருக்கல் குறிபோலப் போனால் பொறியாளர் பார்க்காமல் உள்ளே யாரும் வேண்டாம்.

இப்போது தகரம். நம் மலையில் தகரக் கூரை தெரியாதவர் இல்லை, ஆனாலும் அவசரத்தில் போட்ட கொட்டகையில் மூன்று தப்பு எப்போதும் இருக்கும். ஆணியைப் பள்ளத்தில் அடித்திருப்பார்கள். மேட்டில், ரப்பர் வாஷரோடு அடிக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரே ஒரு அலைதான் ஏறியிருக்கும். இரண்டு வேண்டும், மேல் கீழ் ஏற்றம் ஆறு அங்குலமாவது வேண்டும். மூன்றாவது, சுற்றிலும் வாய்க்கால் இருக்காது. தரையை அரையடி உயர்த்தி, சுற்றி ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினால்தான் ஜூன் நடுவில் மழை பிடிக்கும்போது கட்டில் நனையாது. அங்கே பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. கொடைக்கானல்போல ஐப்பசிக்குத்தான் என்று காத்திருக்காதீர்கள்.

தகரத்தில் கனமழை பெய்தால் பாடம் நடக்காது, கத்தியும் பயனில்லை. கூரைக்கு அடியில் மூங்கில் பாய் கட்டினால் சத்தம் குறையும், விடியற்காலையில் தகரம் வியர்த்துச் சொட்டுவதும் நிற்கும். மழை நேரத்துக்கென்று எழுத்து வேலையை ஒதுக்கி வையுங்கள்.

மேலே மலைச்சரிவில் பிளவு இருக்கிறதா என்று மழைக்கு முன்பே ஏறிப் பாருங்கள். அதிர்வு பிளந்துவிட்டுப் போகும், மழைதான் சரிக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் அதிர்வே இல்லாமல் மழை மட்டுமே செய்ததைப் பார்த்தோம். ஊற்று திடீரெனக் கலங்கினாலும், புது இடத்தில் நீர் கசிந்தாலும், மரம் சாய்ந்தாலும் அந்த இரவே கொட்டகையைக் காலி செய்யுங்கள்.

அருவங்காடு:

ஜெபம் பற்றி யாரும் சொல்லவில்லை. நேபாளக் குற்றவியல் சட்டம் 158ஆம் பிரிவு 2018 ஆகஸ்டிலிருந்து நடப்பில் உள்ளது. மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து 7 நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். விசா வேண்டாம் என்பதால் நாம் வெளிநாட்டவர் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

விசுவாசிக் குடும்பத்துப் பிள்ளைகளோடு ஜெபம், சனிக்கிழமை ஆராதனை, இதில் சிக்கல் வராது. சிக்கல் நிவாரணப் பொருளோடு வரும். கம்பளிக்குள் கைப்பிரதி, அரிசிப் பையில் வசனம், ஜெபத்துக்கு வந்தவர்களுக்கு முதல் தகரம்: மூன்றுமே வேண்டாம். சட்டத்தை விடுங்கள், வீடு இடிந்து நிற்பவரிடம் அப்படிக் கேட்பதே முறையில்லை. விடுதியில் மற்றப் பிள்ளைகள் இருந்தால், ஜெப நேரத்தில் அவர்கள் வேறிடத்தில் படிக்க ஏற்பாடு செய்து, பெற்றோரின் விருப்பத்தைச் சேர்க்கைப் படிவத்திலேயே வாங்கி வையுங்கள். பிள்ளைகளைப் படம் எடுத்து வெளிநாட்டு நன்கொடையாளருக்கு அனுப்பும் பழக்கத்துக்கும் அதே படிவத்தில் அனுமதி வேண்டும்.

பெருமாள்மலை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. அதிர்வுக்குப் பிறகு ஊற்று வற்றிவிட்டதாம், இப்போது ஓடையிலிருந்து குழாய் போட்டு 2,000 லிட்டர் டேங்கில் ஏற்றுகிறார்கள். குளோரின் எவ்வளவு? பிள்ளைகள் சின்னச் சத்தத்துக்கும் எழுந்து ஓடுகிறார்கள் என்கிறார்கள், அதற்கு என்ன செய்வது?

பண்ணைக்காடு:

கேத்தி சொன்ன திருத்தம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

தண்ணீர்: 2,000 லிட்டருக்கு 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 16 கிராம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் டேங்கில் ஊற்றி அரைமணி விடுங்கள். கடைசிக் குழாயில் குளோரோஸ்கோப்பால் (தண்ணீரில் மீதமுள்ள குளோரினைக் காட்டும் சோதனைக் கருவி) பாருங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது, 0.5 இருந்தால் நல்லது. திறந்த மூட்டையில் பவுடர் வீரியம் இழக்கும், அதனால் அளவைவிடச் சோதனையை நம்புங்கள். மழையில் ஓடை கலங்கினால் குளோரின் சேற்றிலேயே செலவாகிவிடும். முதலில் தெளியவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். குடிநீருக்குத் தனியாக, அங்கத்திய கடைகளில் ‘பியூஷ்’ என்ற சொட்டு மருந்து கிடைக்கும். லிட்டருக்கு மூன்று சொட்டு, அரைமணி. கையிருப்பாக மூன்று நாளுக்கு அவல்: ஆளுக்கு வேளைக்கு 100 கிராம், நாளுக்கு இரண்டு வேளை என்றால் 60 பேருக்கு 36 கிலோ. வெல்லமும் கடலையும் சேர்த்து, கட்டடத்துக்கு வெளியே வையுங்கள்.

பிள்ளைகள்: ‘இனி வராது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 2015இல் 17 நாள் கழித்து 7.3 அளவில் இன்னொன்று வந்தது. அப்படிச் சொன்ன பெரியவர்களைப் பிள்ளைகள் பிறகு நம்பவில்லை. ‘வரலாம், வந்தால் இப்படிச் செய்வோம்’ என்பதுதான் அவர்களைத் தூங்க வைக்கும். ரொம்பப் பயப்படும் பிள்ளைக்குக் கதவருகே கட்டில். கதவுகளுக்குச் சாக்கு முட்டு வைத்து அறையாமல் பாருங்கள். இரவு முழுக்க ஒரு சோலார் விளக்கு. படுக்கை நனைத்தால் மற்றவர் அறியாமல் விரிப்பு மாற்ற உபரி பத்து. சில வாரம் கழிந்தும் சாப்பிடாமல், பேசாமல் இருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே பிள்ளைகள் அதிர்வை ‘புயிஞ்சாலோ’ என்பார்கள், ‘பாஹிர’ என்றால் வெளியே. இந்த இரண்டு சொல்லையும் போகும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள். நள்ளிரவில் பிள்ளை ஆங்கிலத்தில் கூப்பிடாது.

கூக்கல்தொரை:

விடுபட்டது ஒன்று. கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் தூணோடு கட்டுங்கள், படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடியாயிற்றா என்று பார்ப்பது வார்டன் வேலை, சமையல்காரர் வேலை இல்லை. ரப்பர் வாஷர் ஒரு கிலோ இங்கிருந்தே வாங்கிப் போங்கள், எடை ஒன்றுமில்லை. போன பிறகு வழியில் பாதை எப்படி என்று இங்கே எழுதுங்கள்.