எல்லாம் அழிந்த பிறகு முதலில் முளைத்தது எது?

முறிகண்டி வாசகி:
2010இல் காணிக்குத் திரும்பியபோது வீடு இல்லை. இடிந்த கிணற்றுக்கட்டின் வெடிப்பில் பன்னச் செடி மட்டும் பச்சையாக நின்றது. 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் சிறுகோள் விழுந்து டைனோசர்கள் அழிந்த பிறகும் உயிர் இப்படித்தான் திரும்பியதா?

உயிரியல் ஆசிரியர்:
ஆம் தங்கச்சி, அங்கும் பன்னமே முந்திக்கொண்டது. வட அமெரிக்கப் பாறைகளில் அந்த அழிவின்போது படிந்த மண் படலத்துக்குச் சற்று மேலே பூந்தாது அருகி, பன்ன வித்திகளே (விதைக்குப் பதிலாகப் பன்னம் பரப்பும் நுண்துகள்கள்) மண்டிக் கிடக்கின்றன. தூசி போன்ற அந்த வித்தி காற்றோடு எங்கும் போகும். பூக்கும் தாவரங்கள் பிறகுதான் மீண்டும் பரவின.

குளத்தடி விவசாயி:
252 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய அழிவு இதைவிடக் கொடியது. சைபீரிய எரிமலைகள் பொங்கிக் கடல் சூடேறியது, ஒட்சிசன் குறைந்தது. மீள்வதற்குப் பல மில்லியன் ஆண்டுகள் பிடித்தன.

முறிகண்டி வாசகி:
நன்றி ஐயா. கிணற்றைத் திருத்திக் கட்டியபோதும் அந்தப் பன்னத்தைப் பிடுங்க நான் விடவில்லை.