மறு: 'உலர் எண்ணெய்' சரிதானா?

> உலர் எண்ணெய் என்றே வைத்துக்கொள்ளலாமே. யாருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். ஆங்கிலத்தில் 'drying oil' என்கிறார்களே, மரத்தில் தடவினால் காற்றுப் பட்டுக் கெட்டியாகும் ஆளி எண்ணெய் போன்றவை, அவற்றுக்குத் தமிழில் 'உலர் எண்ணெய்' போதும் என்கிறீர்கள்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அதுதான் வில்லங்கம். என் ஊஞ்சல் கதையைக் கேளுங்கள்.

போன ஐப்பசியில் திருப்பரங்குன்றம் வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல் பலகையைத் தேய்த்து, மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி எண்ணெய் கொடுக்க நினைத்து ஆளிவிதை எண்ணெய் வாங்கினேன். டப்பாவில் 'உலரும் எண்ணெய்' என்று போட்டிருந்தது. சரி, துணி காய்வதுபோல் காய்ந்துவிடும் என்று தாராளமாக ஊற்றித் தடவி விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து ஊஞ்சலில் உட்கார்ந்த மாமா எழுந்தார், வேட்டி எழவில்லை.

கீழவாசல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "மரம் குடிச்சது போக மிச்சத்தைத் துடைச்சிரணும் தம்பி. மேல நின்னா ஆடை கட்டிரும்" என்றார். கட்டியிருந்தது, பாலாடை மாதிரியே சுருங்கிய தோல், அடியில் பிசுபிசுப்பு. டர்பன்டைன் தொட்டு அதையெல்லாம் வழித்து எடுத்து, 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி ஆரம்பித்தார். மெல்லிசாக ஒரு கை, இருபது நிமிடம் பொறுத்து பழைய பனியன் துணியால் சுத்தமாகத் துடைப்பு, பிறகு குறைந்தது ஒரு நாள் ஓய்வு. இப்படி நாலு தடவை. மழைக்காலம், போதாததற்குத் தேக்குக்கு அதன் சொந்த எண்ணெய்ப் பசை வேறு. இரண்டும் தாமதப்படுத்தும் என்று ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு நாள் விட்டார்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஈரத்துணி உலர்ந்தால் தண்ணீர் வெளியேறுகிறது. பிரெஞ்சு பாலீஷ் உலர்ந்தால் ஸ்பிரிட் வெளியேறுகிறது. ஆளி எண்ணெய் கெட்டியாவது அப்படி அல்ல. அது காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடுகிறது. எடைகூட ஏறுகிறது! எடை ஏறுவதைப் போய் 'உலர்தல்' என்பது என்ன நியாயம்?

இது வெறும் சொல் சண்டை இல்லை. அந்த வினையில் சூடு பிறக்கும். துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கலாம். 'உலரும்' என்று நம்பிய நான் துணிகளைச் சுருட்டி வாளியில் போட்டிருந்தேன். சாயங்காலம் கைவைத்தால் வெதுவெதுப்பு. ஆசாரி அன்று திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் விரிக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்க வேண்டும்.

இந்த உரையாடலில் அம்மையார் ஒருவர் முன்மொழிந்த 'உறையெண்ணெய்' அழகான சொல். ஆனால் மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைகிறது, வெயிலில் வைத்தால் இளகிவிடுகிறது. இது இளகவே இளகாது.

என் பரிந்துரை 'இறுகெண்ணெய்'. இறுகு, எண்ணெய்; வினைத்தொகை. சுண்ணாம்புக் காரை இறுகுகிறது என்கிறோம். திருமலை நாயக்கர் மகாலில் பார்க்கிறோமே, அந்தச் சுதையும் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகியது. அதுவும் திரும்ப இளகாது. இதைவிடப் பொருத்தமான உறவு வேறு எங்கே கிடைக்கும்?

சொல் குட்டியும் போடும். சீக்கிரம் இறுகக் கலக்கும் கோபால்ட், மாங்கனீசு உப்புகளை 'இறுக்கி' எனலாம். கடையில் 'வேகவைத்த' ஆளி எண்ணெய் என்று விற்பது பெரும்பாலும் இறுக்கி சேர்த்ததுதான், அடுப்பில் வெந்தது அல்ல.

இறுகும் எண்ணெய்க்கும் இறுகாத எண்ணெய்க்கும் நடுவில் நல்லெண்ணெய் நிற்கும். குத்துவிளக்கின் கழுத்தில் பழுப்பாகப் பிடித்துப் புளி போட்டாலும் லேசில் போகாத பிசுக்கு இருக்கிறதே, அது அரைகுறையாக இறுகியதுதான். எண்ணெய் எவ்வளவு இறுகக்கூடியது என்பதைக் காட்டும் அளவான அயோடின் எண் தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 10, நல்லெண்ணெய்க்கு 110 வாக்கில், ஆளிக்கு 170க்கு மேல். ஆகவே நல்லெண்ணெய் அரையிறுகெண்ணெய். மூன்றாவது வகையான, தேங்காயெண்ணெய் மாதிரி இறுகாததற்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். 'இறுகா' என்பதோடு சேர்த்து எழுதினால் 'இறுகாவெண்ணெய்' ஆகி, படிப்பவர் பானையில் வெண்ணெய் தேடுவார். 'இறுகா எண்ணெய்' என்று பிரித்தே எழுதுவோம். புலவர்கள் மன்னிக்க.

டங் எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சீனத்து மரக்கொட்டையில் எடுப்பது, இதுவும் இறுகெண்ணெய்தான். ஆளியைவிடத் தண்ணீரைத் தாங்கும், மஞ்சளிப்பதும் குறைவு. நிறம் அதிகம் மாறக்கூடாது, நாளாகவும் உழைக்க வேண்டும் என்றால் என் ஓட்டு அதற்கே. விலைதான் கடிக்கும்.

ஆசாரியிடம் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். உலர் எண்ணெய் என்றதும், "வெயில்ல வைக்கணுமா?" என்றார். இறுகெண்ணெய் என்றதும், "எத்தனை நாள்ல இறுகும்?" என்றார்.

மேலே கட்டும் தோலுக்கு அவருடைய 'ஆடை'யையே எடுத்துக்கொள்ளலாமா? மறுப்பிருந்தால் எழுதுங்கள்.