ஃப்ரிஹிலியானாவில் ஓர் இரவு தேவையா?

வேதா: அக்டோபரில் தெற்கு ஸ்பெயின் போகிறோம். மாலகாவுக்குக் கிழக்கே கடற்கரையில் நெர்ஹாவில் 4 நாள் அறை. அங்கிருந்து 6 கி.மீ. மலை ஏறினால் ஃப்ரிஹிலியானா என்ற வெள்ளை ஊர். அங்கே ஓர் இரவு தங்கலாம் என்கிறேன் நான். இரண்டு மணி நேரமே அதிகம் என்கிறார் என் வீட்டுக்காரர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று: அவர் சொல்வதுதான் சரி. பஸ்ஸில் ஏறிப் போய், மேல்தெருக்களில் ஒரு சுற்று சுற்றி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். எங்கே திரும்பினாலும் ஃப்ரிட்ஜ் காந்தக் கடை. சுவருக்கு வெள்ளை அடிப்பதே இப்போது நம் கேமராவுக்காகத்தான்.

படியேறி: சுண்ணாம்பு அடித்தது வெயிலுக்கு, போட்டோ அப்புறம் வந்தது. நான் இரண்டு இரவு தங்கினேன். பகலில் நீங்கள் சொன்ன கூட்டம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு ஒரு பாட்டி வாசலைக் கழுவிவிட்டார். கூழாங்கல் பதித்த படிகளில் அந்தத் தண்ணீர் ஒவ்வொன்றாக இறங்கி என் செருப்பு வரை வந்தது. தெருவில் வேறு யாரும் இல்லை. பகலில் பஸ்ஸில் வந்து போகிறவருக்கு அது கிடைக்காது.

உப்புக்காற்று: வாசல் கழுவுவதைப் பார்க்க ஸ்பெயின் வரை போகணுமா?

படியேறி: சரி, வரலாறு வேண்டுமா? 1569-ல் கிளர்ச்சி செய்த மோரிஸ்கோக்கள், அதாவது கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்கள், ஊருக்கு மேலே உள்ள பாறையில் தோற்றார்கள். அந்தக் கதையைத் தெருச் சுவர்களில் 12 பீங்கான் ஓடுகளில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். நின்று படிக்க நேரம் வேண்டும்.

உப்புக்காற்று: படித்தேன். தோற்றவர்களைத் துரத்திவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் 'மூன்று பண்பாடுகள்' (கிறிஸ்தவ, முஸ்லிம், யூத) என்று திருவிழா நடத்துகிறார்கள். அதுதான் எனக்கு ஒட்டவில்லை.

படியேறி: அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறைக்காமல் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களே. அப்புறம் எல் இன்ஹேனியோ: ஊர் முகப்பில் 16-ஆம் நூற்றாண்டு மாளிகை, உள்ளே கரும்புப் பாகு ஆலை. ஐரோப்பிய பெருநிலப்பரப்பில் இந்தப் பாகு காய்ச்சுவது இது ஒன்றுதான் என்கிறார்கள். கத்திரிக்காயை மெல்லியதாக நறுக்கி, மொறுமொறுவென்று பொரித்து, மேலே அந்தக் கறுத்த பாகை நூல்போல ஊற்றித் தருவார்கள். லேசான கசப்போடு இனிக்கும்.

உப்புக்காற்று: கத்திரிக்காய் பிரமாதம், அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் அது நெர்ஹாவிலேயே கிடைக்கும். கரும்பும் கதை முடிந்த கதை. இந்தக் கரையின் கடைசிச் சர்க்கரை ஆலை, சலோப்ரேன்யா பக்கம், 2006-லேயே மூடிவிட்டது. இப்போது சரிவெல்லாம் அவகாடோ, மாமரம். வேதா, ஒன்று யோசியுங்கள்: மேல்தெருக்களில் கார் போகாது. பெட்டியைப் படிப்படியாகத் தூக்கணும்.

படியேறி: பெரிய பெட்டியை நெர்ஹா அறையிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு போங்கள்.

வேதா: இருவருக்கும் நன்றி. கத்திரிக்காய் என்றதும் வீட்டுக்காரர் பாதி இறங்கி வந்துவிட்டார். தோள்பையை யார் சுமப்பது என்பதில்தான் இப்போது நிற்கிறது.