கலைச்சொல் விவாதம்: ‘ஸ்னோ டிரவுட்’ என்பது பனி வறட்சியா, பனிப்பஞ்சமா?

மடல் 1 | தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

மலை வானிலை, பனிச்சறுக்கு சார்ந்த சொற்பட்டியலில் ‘ஸ்னோ டிரவுட்’ (மலையில் வழக்கமான அளவுக்குப் பனி சேராமல் போவது) என்பதற்குப் ‘பனி வறட்சி’ என்று குறித்து வைத்திருக்கிறோம். இறுதி செய்யுமுன் உங்கள் கருத்து வேண்டும்.

சொல் எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஜனவரியில் காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கின் புல்வெளி வெறுந்தரையாகக் கிடந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரி 21–25க்குத் தள்ளிப்போயின. அடுத்த ஆண்டும் அதே கதை: 2025 பிப்ரவரி 22–25 என்று அறிவித்தது மார்ச் 9–12 ஆனது. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் சில்லாய் கலான்தான் காஷ்மீரின் கடுங்குளிர்க் காலம். மலையில் பனி சேர வேண்டியதும் அப்போதுதான். அந்த நாட்களில் மேற்கத்திய இடையூறுகள் (மேற்கிலிருந்து வந்து குளிர்கால மழையும் பனியும் தரும் காற்றழுத்தத் தாழ்வுகள்) வலுவிழந்து போனால் பிப்ரவரி இறுதியில் பெய்வது சறுக்குபவர்களுக்கு உதவலாம், முழுக்கணக்கை ஈடுகட்டாது.

இதற்குப் ‘பனி வறட்சி’ பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். மறுப்பு உண்டா?

மடல் 2 | வானிலையாளர்

மறுப்பு உண்டு. குல்மார்க்குக்குப் பொருந்தும் சொல் வாஷிங்டன் மாநிலத்துக்குப் பொருந்தாது.

2014–15 குளிர்காலத்தில் வாஷிங்டனின் காஸ்கேட் மலைகளில் மழையும் பனியும் சேர்ந்த மொத்தப் பொழிவு ஏறக்குறைய வழக்கமான அளவுதான். ஆனால் வெப்பம் மிகுந்திருந்ததால் பெரும்பகுதி மழையாகவே இறங்கி ஆற்றோடு போய்விட்டது. மலையில் தங்கிய பனி வரலாறு காணாத குறைவு. மே மாதம் மாநிலம் முழுவதற்கும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியாவில் பனியின் நீர்க்கணக்கு (அதை உருக்கினால் கிடைக்கும் நீர்) சராசரியில் 5 விழுக்காடு. அங்கே பொழிவும் குறைவு, வெப்பமும் அதிகம். இரண்டு கேடும் ஒன்றாகச் சேர்ந்தன.

ஆகவே நீரியலாளர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, பொழிவே குறைந்து அதனால் பனி குறைவது. மற்றொன்று, பொழிவு போதுமான அளவு இருந்தும் பனி குறைவது. ஆங்கிலத்தில் முன்னதை ‘டிரை’ என்றும் பின்னதை ‘வார்ம்’ என்றும் அடையிட்டுச் சொல்வார்கள். ‘வறட்சி’யைத் தலைச்சொல்லாக வைத்தால் முதல் வகை ‘வறண்ட வறட்சி’ என்றாகிவிடும். இரண்டாம் வகையோ மழை கொட்டுகிற வறட்சி. இரண்டுமே கேட்கச் சகிக்காது.

மடல் 3 | தமிழாசிரியர்

> இரண்டுமே கேட்கச் சகிக்காது.

உண்மைதான். ‘பஞ்சம்’ என்று மாற்றிப் பாருங்கள். வறட்சி என்பது வானத்தின் நிலை. பஞ்சம் என்பது கைக்குக் கிடைக்காத நிலை. மழை நன்றாகப் பெய்த ஊரிலும் ஏரி உடைந்தால் தண்ணீர்ப் பஞ்சம் வரும், யாரும் அதைத் தவறு என்று சொல்வதில்லை. ‘பனிப்பஞ்சம்’ இரு வகைக்கும் இடம் கொடுக்கும்.

‘பனி’யைப் பற்றியும் சிலருக்கு ஐயம் வரும். நம் ஊரில் பனி என்றால் விடியற்காலையில் புல்லில் இருப்பது. முன்பனியும் பின்பனியும் அந்தப் பனிதான். ஆனாலும் இமயத்தைப் ‘பனிபடு நெடுவரை’ என்று புறநானூற்றின் ஆறாம் பாட்டே சொல்லிவிட்டது. எனவே மலைப்பனிக்கும் அந்தச் சொல் புதிதல்ல. கட்டுரையில் முதன்முறை ‘வெண்பனி’ என்று எழுதிவிட்டு, கூட்டுச்சொற்களில் ‘பனி’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

வகைகளுக்குப் ‘பொழியாப் பனிப்பஞ்சம்’, ‘உறையாப் பனிப்பஞ்சம்’ என்று முன்மொழிகிறேன்.

மடல் 4 | சரிவுப் பராமரிப்பாளர், ரொறொன்ரோ

வணக்கம். பஞ்சம் நல்ல சொல். ஆனால் வகையைப் பிரிக்கிறது வெறும் அழகுக்கில்லை என்பதையும் பட்டியலில் எழுதுங்கோ. சரிவில வேலை செய்யிற ஆட்களுக்கு இரண்டும் முழுக்க வேற வேற பிரச்சினை.

பொழியாத ஆண்டில வானம் தெளிவு, காற்று வறட்சி, இரவு குளிர். பனிப் பீரங்கியை (தண்ணீரைத் தெளிச்சுச் செயற்கைப் பனி செய்யிற பொறி) ஓட்ட இதைவிட நல்ல நிலைமை இல்லை. பீரங்கிக்கு முக்கியம் சாதாரண வெப்பமானி காட்டுற எண் இல்லை, ஈரக்குமிழ் வெப்பநிலை (குமிழில ஈரத்துணி சுற்றின வெப்பமானி காட்டுறது). அது சுமார் −2.5 பாகைக்குக் கீழே போனால்தான் தெளிக்கிற துளி நிலத்தைத் தொட முதல் உறையும். வெப்பநிலை +2, ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் −3க்குக் கிட்ட வரும், அருமட்டாக ஓட்டலாம். வெப்பநிலை −1, ஈரப்பதம் 90 என்றால் ஈரக்குமிழ் −1.5தான், குளிராய் இருந்தும் ஓட்ட ஏலாது. வெப்பமான, ஈரமான ஆண்டில நடக்கிறது இந்த இரண்டாவதுதான்.

தண்ணீர்க் கணக்கு: ஒரு கனமீட்டர் தண்ணீரில இரண்டு முதல் இரண்டரைக் கனமீட்டர் பனி வரும். ஒரு ஹெக்டேர் சரிவை 30 சென்டிமீட்டருக்கு மூட 3,000 கனமீட்டர் பனி, அதாவது 1,200 முதல் 1,500 கனமீட்டர் தண்ணீர் தேவை. குளம் சிறிதென்றால் எந்தச் சரிவை முதலில மூடுறது என்று நவம்பரிலேயே முடிவு எடுக்கவேணும். எல்லாச் சரிவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் அடிச்சால் ஒன்றும் திறக்க ஏலாது.

எல்லை நிலையில ஓட்டேக்க பிழைக்கிறது தண்ணீர் வீதம். பீரங்கிக்குக் கீழே நின்று சட்டைக் கையை நீட்டிப் பாருங்கோ. விழுகிறது துள்ளித் தெறிச்சால் சரி. துணியில ஒட்டி நனைச்சால் தண்ணீரைக் குறைக்கவேணும், இல்லாவிட்டால் விடிய அது பனியில்லை, ஐஸ் பாளம். குவியலை உடனே தள்ளவும் கூடாது; ஒன்றிரண்டு நாள் விட்டு, உள்ளே இருக்கிற ஈரம் வடிஞ்ச பிறகுதான் சமன்படுத்தும் வண்டியை ஏத்தவேணும்.

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில சைப்ரஸ் மலைக்கு லொறியிலயும் ஹெலிகொப்டரிலயும் பனி கொண்டுவந்து, வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதுக்கு மேல பனியைப் போட்டார்கள். அது இரண்டாம் வகை ஆண்டு. பீரங்கி இருந்தும் காலநிலை விடவில்லை.

மடல் 5 | வானிலையாளர்

நண்பரின் மடலை அப்படியே விளக்கக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். வைக்கோல் கட்டு உட்பட.

‘உறையா’ என்பதில் ஒரு குறை. இரண்டாம் வகையில் இரண்டு வழிகள் உண்டு: நீர் மழையாகவே விழுவது, பனியாக விழுந்து, பருவம் முடியுமுன்பே உருகுவது. ‘உறையா’ முதலாவதை மட்டுமே தொடுகிறது. ‘தங்காப் பனிப்பஞ்சம்’ என்றால்?

மடல் 6 | தமிழாசிரியர்

மழையாக விழுந்தது பனியே அல்லவே. அது எப்படித் தங்கும், தங்காமல் போகும்?

மடல் 7 | வானிலையாளர்

தங்காதது பனியல்ல, மலைமேல் விழுந்த நீர். அளக்கிறவர்கள் பார்ப்பதும் அதைத்தான். உலோகக் குழாயைத் தரைவரை இறக்கி, உள்ளே சிக்கிய பனித்தண்டை எடை போடுகிறார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அடர்த்தி 30 விழுக்காடு என்றால் 300 மில்லிமீட்டர் நீர். பொழிவு வழக்கம்போல, இந்த எண் மட்டும் குறைவு என்றால் அது இரண்டாம் வகை. மழையாக ஓடியதா, உருகி ஓடியதா என்பது அடுத்த கேள்வி.

இந்த எண்ணுக்குப் பட்டியலில் ‘பனிநீர் அளவு’ என்று இருக்கிறது. தயவுசெய்து மாற்றுங்கள். பனிநீர் என்றால் கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பது. ‘நீர்நிகர்’ என்று வைத்தால் குழப்பமில்லை.

மடல் 8 | தமிழாசிரியர்

நீர்தான் எழுவாய் என்றால் ‘தங்கா’ சரி. நீர்நிகரும் சரி. பன்னீரைக் காப்பாற்றியதற்கு நன்றி.

மடல் 9 | தொகுப்பாளர்

அப்படியானால் தலைச்சொல் பனிப்பஞ்சம். வகைகள் பொழியா, தங்கா.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்: ‘ஃபோர்காஸ்ட் பஸ்ட்’. புயல் வருகிறது, 60 சென்டிமீட்டர் என்று செயலி சொல்லும்; சறுக்குபவர்கள் விடுப்பு எடுத்து, அறை பதிந்து, மலையேறிப் போனால் 10 கூட இருக்காது. ‘கணிப்புச் சறுக்கல்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார்.

மடல் 10 | தமிழாசிரியர்

பனிச்சறுக்குப் பட்டியலில் சறுக்கலா? வாசகர் கணிப்பு எந்தச் சரிவில் போகிறது என்று தேடுவார். மழை பொய்த்தது என்று நாள்தோறும் சொல்கிறோம். ‘கணிப்புப் பொய்ப்பு’ போதும்.

மடல் 11 | வானிலையாளர்

பொய்ப்பு ஏற்கத்தக்கது. ஆனால் எதில் பொய்த்தது என்பதையும் விளக்கத்தில் எழுத வேண்டும். மூன்று இடங்களில் பிசகும்.

புயலின் பாதை முதலாவது. ஏழெட்டு நாளுக்கு முன் கணினி மாதிரியின் ஒற்றை ஓட்டம் தரும் சென்டிமீட்டர் எண்ணுக்கு மதிப்பே கிடையாது. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் கூட்டுக் கணிப்பில் 51 ஓட்டங்கள் இருக்கின்றன. அவை எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதுதான் அந்தத் தொலைவில் செய்தி. பாதி ஓட்டங்கள் 5 என்றும் பாதி 50 என்றும் சொன்னால் ‘சராசரி 27’ என்று எழுதுவது பொய்யைவிட மோசம். 27 பெய்யும் என்று எந்த ஓட்டமும் சொல்லவில்லை.

இரண்டாவது, நீருக்கும் அது தரும் பனிக்கும் உள்ள விகிதம். பல இலவச வரைபடங்கள் நீரைப் பத்தால் பெருக்கிப் பனி என்று காட்டுகின்றன. 20 மில்லிமீட்டர் நீர் பத்துக்கு ஒன்றில் 20 சென்டிமீட்டர். கடலோர மலையின் ஈரப்பனியில் விகிதம் ஆறு என்றால் 12தான். உலர்ந்த உள்நாட்டு மலையில் பதினைந்து என்றால் 30. மேகத்தில் படிகம் வளரும் அடுக்கு −12 முதல் −18 பாகைக்குள் இருந்தால் கிளைவிட்ட நட்சத்திரப் படிகங்கள் உருவாகிப் பனி பொலபொலவென்று சேரும். காற்று பலமானால் அந்தக் கிளைகள் ஒடிந்து அடர்ந்துவிடும். நீர்க்கணிப்பு மில்லிமீட்டர் பிசகாமல் பலித்தும் பனிக்கணிப்பு பொய்க்கும்.

மூன்றாவது உயரம். தங்காப் பஞ்ச ஆண்டுகளில் ஏமாற்றம் பெரும்பாலும் இதனால்தான். ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை என்று கொண்டால், ஒரு பாகைப் பிழை மழை–பனி எல்லையை 150 மீட்டர் மேலே தூக்கும். கனடாவின் விஸ்லர் பனிச்சறுக்கு மலையில் அடிவாரக் கிராமம் 675 மீட்டர், சிகரம் சுமார் 2,180. எல்லை 1,400 என்று கணித்து 1,700இல் நின்றால் சரிவின் நடுப்பகுதி முழுவதும் மழை. சுமார் பத்துக் கிலோமீட்டர் கட்டமுள்ள உலக மாதிரிகள் சிகரத்தை மழுக்கிப் பள்ளத்தாக்கை நிரப்பிவிடுகின்றன. ஆகவே செயலியில் ஊர்ப்பெயரைத் தட்டினால் வரும் எண் எந்த உயரத்துக்கானது என்று முதலில் பாருங்கள்.

இங்கே ‘உறைமட்டம்’, ‘மழை–பனி எல்லை’ இரண்டையும் பட்டியலில் பிரிக்க வேண்டும். உறைமட்டம் என்பது காற்று சுழியம் பாகையாகும் உயரம். விழும் பனி உருகி முடிய இன்னும் 300 மீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும், எல்லை அங்கேதான். ‘பனிக்கோடு’ என்பதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அது நிலைப்பனியின் கீழ் விளிம்பைக் குறிக்க ஏற்கெனவே வழங்குகிறது.

மடல் 12 | சரிவுப் பராமரிப்பாளர், ரொறொன்ரோ

பொய்ப்புக்கு ஓம்.

சறுக்குக்கட்டை திருத்துறவைக்கும் வகை முக்கியம். பொழியா ஆண்டில கல்லு அடிப்பலகையைக் கீறும். கீறலைத் துடைச்சு, தொங்குற நாரை வெட்டிப்போட்டு, பொலிஎதிலீன் குச்சியை நீலச் சுடரில உருக்கி விடவேணும். சுடர் மஞ்சளானால் கரி சேரும், பிறகு ஒட்டாது. நல்லாய் ஆறின பிறகுதான் உலோகத் தகட்டால சுரண்டவேணும். உலோக விளிம்பை ஒட்டின ஆழமான காயத்துக்கு இது நிக்காது, எபொக்சி அல்லது பற்றவைப்புத் தேவை. தங்கா ஆண்டில காயம் குறைவு, ஆனால் மழை பெய்து உறைஞ்ச பாளத்தில விளிம்பு மழுங்கினால் கால் நிக்காது.

மடல் 13 | வானிலையாளர்

கடைசியாக ஒரு சொல். பொழியாப் பஞ்சத்தின் உண்மையான ஆபத்து, பஞ்சம் முடிகிற நாளில் வருகிறது.

தரை சுழியம் பாகை, மேற்பரப்பு −15 என்று வையுங்கள். பனி இரண்டு மீட்டர் ஆழம் என்றால் மீட்டருக்கு ஏழரைப் பாகைதான் வேறுபாடு. அரை மீட்டர் என்றால் மீட்டருக்கு 30. பத்தைத் தாண்டினாலே கீழிருந்து ஆவி ஏறிப் படிகங்கள் பெரிதாகி, ஒன்றோடொன்று பிடிப்பில்லாத மணிகளாகிவிடும். வாரக்கணக்கில் மெலிந்த பனி, தெளிந்த வானம் என்றால் அடியில் இந்த மணியடுக்கு உருவாகியிருக்கும். பிறகு காத்திருந்த புயல் வந்து அதன்மேல் 80 சென்டிமீட்டர் பாரத்தை ஏற்றும். எல்லாரும் சறுக்க ஓடும் அந்தக் காலையில்தான் சரிவிலுள்ள பனி பெயர்ந்து சரியும். பாதையை விட்டு வெளியே போகிறவர்கள் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளைத் தவிர்க்க வேண்டிய நேரமும் அதுதான். இந்த அடுக்கு சில நாளில் சரியாகாது; பல வாரம் அப்படியே இருக்கும்.

ஆங்கிலத்தில் ‘டெப்த் ஹோர்’. பட்டியலில் ‘ஆழ உறைபனி’ என்று இருப்பது ஆழமாக உறைந்த, கெட்டியான பனி என்ற எதிர்ப்பொருளைத் தருகிறது.

மடல் 14 | தமிழாசிரியர்

‘குருணைப்பனி’?

மடல் 15 | வானிலையாளர்

வானத்திலிருந்தே உருண்டையாக விழும் ‘கிராப்பல்’ ஒன்று உண்டு. குருணை என்றால் அதையே நினைப்பார்கள்.

மடல் 16 | தமிழாசிரியர்

அப்படியானால் ‘அடிக்குருணை’. விழுவதில்லை, அடியில் விளைவது.

மடல் 17 | தொகுப்பாளர்

ஏற்றுக்கொண்டேன். பனிப்பஞ்சம், நீர்நிகர், கணிப்புப் பொய்ப்பு, உறைமட்டம், மழை–பனி எல்லை, அடிக்குருணை ஆகியவை இன்று பட்டியலில் ஏறுகின்றன. கிராப்பலுக்கு ‘குருணைப்பனி’ என்று தற்காலிகமாகக் குறிக்கிறேன். ஆலங்கட்டியோடு குழம்பாத வேறு சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.