பழைய ரிசீவரில் ஹெட்போன்: அமிர்தமா, வெறும் 330 ஓமா?

மொட்டைமாடி வானொலி (திருச்சி):

சித்தப்பா 1979-ல் குவைத்திலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ரிசீவர் (எஃப்எம் வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. சேனலுக்கு 45 வாட். முகப்பு அலுமினியம், பக்கவாட்டில் மரம். பிராண்டு பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யார் கம்பெனி உசத்தி என்று திரி திசைமாறிவிடும்.

போன மாதம் எட்டாயிரம் ரூபாய் செலவில் பழுதுபார்த்து, என் சென்ஹைசர் எச்டி 600-ஐச் செருகிக் கேட்டேன். இரண்டு வருடமாக இதே ஹெட்போனை போனில் டாங்கிள் (ஹெட்போனைச் செருகும் குட்டி இணைப்பி) போட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே கச்சேரிப் பதிவு, ஆனால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த இடப்பக்கம், இப்போதுதான் வயிற்றில் இறங்குகிறது. தம்பூராவுக்கு உடம்பு வந்துவிட்டது.

ஹெட்போன் ஆம்ப் என்று தனியாக விற்கும் டப்பாக்களுக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி. 45 வாட் எங்கே, டாங்கிளின் ஒரு வோல்ட் எங்கே? மறுப்பவர்கள் வரலாம்.

ஓம் விதி (பெங்களூரு):

வந்துவிட்டேன்.

அந்த 45 வாட் ஸ்பீக்கருக்கு. 70-களின் ரிசீவர்கள் பெரும்பாலானவற்றில் ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே லைனில் சேனலுக்கு ஒரு ரெசிஸ்டரை (மின்தடை, அளவு ஓமில்) போட்டு முன்பக்கத் துளைக்கு இழுத்துவிடுவார்கள். 220-லிருந்து 470 ஓம் வரை இருக்கும், 330 ரொம்ப சகஜம். ஸ்பீக்கருக்கான வேகத்தில் ஹெட்போன் கருகாமல் இருக்க அது ஒரு தடுப்பணை. வேறு மகிமை அதற்குக் கிடையாது.

இனி கணக்கு. எச்டி 600-ஐ 300 ஓம் என்பார்கள். ஆனால் எல்லா அதிர்வெண்ணிலும் அது 300 இல்லை. 80-100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓம் வரை ஏறும். நடுவில் 330 ஓம் இருந்தால் 300 ஓம் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது 48 சதவீதம், 500 ஓம் இடத்தில் 60 சதவீதம். டெசிபலில் சொன்னால் இரண்டு டெசிபல் பாஸ் (கனத்த கீழ் ஒலி) கூடுதல். உங்கள் தொப்பி வயிற்றில் இறங்கியதன் ரகசியம் அவ்வளவுதான். அதை ஆம்ப்பின் திறமை என்று எழுதாதீர்கள்.

இன்னொரு கேள்வி. ரிசீவருக்குப் பாட்டு எங்கிருந்து போகிறது?

மொட்டைமாடி வானொலி:

போனிலிருந்து, டாங்கிள் வழியாக ஆக்ஸ் (வெளிக்கருவி) துளையில்.

ஓம் விதி:

அப்படியானால் நீங்கள் இப்போதும் டாங்கிளைத்தான் கேட்கிறீர்கள். நடுவில் பதினைந்து கிலோவை ஏற்றியிருக்கிறீர்கள், அவ்வளவே.

சிராங்கூன் காது (சிங்கப்பூர்):

ஓம் விதி சார் எப்போதும் பாதிக் கதைதான் சொல்வார். மீதியை நான் சொல்கிறேன்.

அந்த ரெசிஸ்டரைப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. 1968-ல் வந்த சென்ஹைசர் எச்டி 414 எத்தனை ஓம் தெரியுமா? 2000. ஏகேஜி கே240 600 ஓம். காஸ் ப்ரோ4ஏஏ 250. அன்றைய இத்தகைய ஹெட்போன்களுக்கு 330 ஓம் பெரிய தடை இல்லை, வோல்டேஜ்தான் தேவைப்பட்டது. அது ரிசீவரில் தாராளமாக இருந்தது. 1996-ல் வந்த ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரமே ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்றுதான் எழுதியது. வெளியீட்டு ஓம் பூஜ்யத்துக்கு அருகே இருக்கவேண்டும் என்கிற உங்கள் வேதம் பின்னால் வந்தது.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017-ல் மூடப்படுவதற்கு முந்தைய வருடம் அங்கே ஒரு ரிசீவர் வாங்கினேன். போனை அதில் செருகியதே இல்லை. எஃப்எம்மும் இசைத்தட்டும் மட்டும்தான். இசைத்தட்டுக்குப் போனோ ஸ்டேஜ், எஃப்எம்முக்கு ட்யூனர், பேலன்ஸ், மோனோ பட்டன், டேப் மானிட்டர், குறைந்த சத்தத்தில் கேட்க லவுட்னஸ், இத்தனையும் ஒரே பெட்டியில். ராத்திரி பதினொரு மணிக்கு அடுக்குமாடி வீட்டில் ஹெட்போன் போட்டு லவுட்னஸை அழுத்தினால் அதன் அருமை தெரியும். டாங்கிளில் மோனோ பட்டனைத் தேடிக்கொண்டிருங்கள்.

ஓம் விதி:

சரித்திரம் சரி. எச்டி 414-க்குச் செய்த ஏற்பாடு எச்டி 414-க்குச் சரி. இன்று இளைஞர்கள் காதில் சொருகுவது என்ன? இயர்போன். அதில் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்று ஒரு வகை உண்டு, அதிர்வெண்ணுக்குத் தகுந்தபடி அதன் ஓம் ரொம்ப மாறும். அதில் ஓர் இடத்தில் 10 ஓம், இன்னோர் இடத்தில் 60 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 330 ஓமுக்குப் பின்னால் இரண்டுக்கும் நடுவே 14 டெசிபல் வித்தியாசம் வரும். அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. போதாததற்கு வால்யூம் குமிழ் எட்டு மணி முள்ளைத் தாண்டாது. அந்தக் கோடியில் பழைய கார்பன் கன்ட்ரோல்களில் இடதும் வலதும் ஒரே அளவில் நிற்காது. பாடகர் ஒரு காதுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

சிராங்கூன் காது:

இயர்போனைப் போய் யார் ரிசீவரில் செருகச் சொன்னார்கள்? பேச்சு எச்டி 600 பற்றி. பிளானார் (தட்டைச் சவ்வு) ஹெட்போன்களில் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே உங்கள் இரண்டு டெசிபல் பூதமும் வராது. வால்யூம் குமிழ் விஷயமும் உல்டா. 330 ஓம் சத்தத்தைக் குறைப்பதால்தான் குமிழை மேலே திருப்ப முடிகிறது. ஆம்ப்பின் இரைச்சலையும் அதே ரெசிஸ்டர் அமுக்குகிறது. 32 ஓம் ஹெட்போனில் 21 டெசிபல் இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓம் விதி:

போட்டேன். இரைச்சல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. குமிழ் விஷயத்தில் பாதி சரி.

ஈயப்புகை (மதுரை):

முப்பது வருடமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடுகிறவன். ஓம் சண்டையை நீங்கள் போடுங்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். மாடி தம்பி, எட்டாயிரத்துக்கு என்ன வேலை செய்தார்கள்?

மொட்டைமாடி வானொலி:

எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிட்டோம் என்றார்கள் அண்ணே. தங்க நிறத்தில் புதுசாக இருக்கின்றன. குமிழ்களில் ஏதோ ஸ்பிரே அடித்தார்கள், கரகரப்பு போய்விட்டது. டயல் பல்புகளையும் எல்இடி ஆக்கினார்கள்.

ஈயப்புகை:

டிசி ஆஃப்செட் எவ்வளவு? பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்) பார்த்தார்களா? திருத்தியதும் சீரீஸ் பல்பு (கோளாறு இருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்தும் பல்பு) வழியாகப் பவர் கொடுத்தார்களா, நேராகச் சுவரில் செருகினார்களா?

மொட்டைமாடி வானொலி:

அதெல்லாம் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டிருந்தபோது நேராகத்தான் செருகினார்கள்.

ஈயப்புகை:

அப்படியானால் கொஞ்ச நாள் அதில் ஹெட்போன் போடாதே தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கர் முனையில் பூஜ்யம் வோல்ட் இருக்கவேண்டும். வயசான ஆம்ப்பில் அது கொஞ்சம் விலகி நிற்கும், அதுதான் டிசி ஆஃப்செட். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நான் கவலைப்படமாட்டேன். கவலை வேறு இடத்தில். உள்ளே பிளஸ் 38, மைனஸ் 38 என்கிற மாதிரி சப்ளை ஓடுகிறது. ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த 38 வோல்ட்டும் அப்படியே வெளியே வரும். ஸ்பீக்கரை ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் துண்டித்துக் காப்பாற்றும். ஹெட்போன் துளை ரிலேவுக்கு முன்னாலா பின்னாலா என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்க்யூட் படத்தைப் பார்த்தால்தான் தெரியும். முன்னால் என்றால், 330 ஓமைத் தாண்டியும் உன் 300 ஓம் காயிலில் 18 வோல்ட் நிற்கும். ஒரு வாட்டுக்கு மேல். முடி மாதிரிக் கம்பி அது, தாங்காது.

கெப்பாசிட்டரை மாற்றினால் முடிந்தது என்று நினைப்பது இப்போது வந்த வியாதி. நல்ல கெப்பாசிட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போலிச் சரக்கைப் போட்டு, போர்டில் தடத்தையும் கிழித்துக் கொண்டுவருகிறார்கள். உண்மையில் தொந்தரவு தருகிறவை வேறு. அந்தக் காலச் சிறு டிரான்சிஸ்டர்கள் சிலவற்றில் கால் கறுத்துப்போயிருக்கும், அங்கிருந்துதான் அடுப்பில் உப்புப் போட்டது மாதிரி படபட சத்தம் வரும். ரிலே முனையில் கரி பிடித்திருக்கும், ஒரு சேனல் வரும், போகும், தட்டினால் வரும். பயாஸ் திருத்தும் குட்டித் திருகு திறந்த வகையாக இருந்தால் தூசி ஏறி ஒரு நாள் தொடர்பு விடும். அன்றைக்கு அவுட்புட் போய்விடும். நான் முதலில் மாற்றுவது அதைத்தான்.

ஸ்பிரே என்ன ஸ்பிரே? கன்ட்ரோல்களுக்கென்று விற்பது என்றால் சரி. துருவுக்கு அடிக்கும் சாமானாக இருந்தால் ஆறு மாதத்தில் பிசுபிசுத்து மறுபடி கரகரக்கும். என்னிடம் வந்த ஒரு பெட்டியில் குமிழுக்குள் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருந்தார்கள். இன்னொன்றில் தேங்காய் எண்ணெய். வாசம் வைத்துக் கண்டுபிடித்தேன்.

அப்புறம், பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜைப் பிடித்துவைத்திருக்கும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி காட்டுகிற வீடியோ வீரர்கள் மாதிரிச் செய்யாதே. ரெசிஸ்டர் வைத்து மெதுவாக இறக்கு.

ஓம் விதி:

இத்தனை ஆபத்தையும் கேட்ட பிறகும் டாங்கிள் வேண்டாமா? எட்டாயிரம் கொடுத்துத் தலைவலி வாங்கியிருக்கிறார்.

ஈயப்புகை:

உங்கள் டாங்கிள் செத்தால் குப்பைத்தொட்டி. இதைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கையில் வரும், ஒவ்வொன்றுக்கும் மாற்று கிடைக்கும். விதிவிலக்கு, சான்யோவின் எஸ்டிகே பேக் (ஆம்ப்பின் அவுட்புட் பகுதி முழுதும் ஒரே கட்டியாக) போட்ட பெட்டிகள். அது போனால் நல்லது கிடைப்பது குதிரைக்கொம்பு, சந்தையில் போலிகள் நிறைய. வாங்குவதற்கு முன் உள்ளே டிரான்சிஸ்டரா பேக்கா என்று பார்த்துவிட வேண்டும். அமெரிக்கப் பெட்டி என்றால் 120 வோல்ட், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் புகைதான். தம்பியுடையது குவைத் வழி வந்தது, பின்னால் வோல்டேஜ் தேர்வுத் திருகு இருக்கும். 240-ல் இருக்கிறதா பார்.

சிராங்கூன் காது:

அமெரிக்கப் பெட்டியில் இன்னொன்றும் உண்டு. அவர்கள் எஃப்எம் டீஎம்பசிஸ் (ரிசீவர் உச்சஸ்தாயியை அடக்கும் அளவு) 75 மைக்ரோசெகண்டு, நம் பக்கம் 50. வோல்டேஜைச் சரிசெய்தாலும் எஃப்எம்மில் உச்சஸ்தாயி கொஞ்சம் மங்கும். "வின்டேஜ் இதம்" என்று சிலர் அதைத்தான் புகழ்கிறார்கள்.

ஓம் விதி:

ஆக, இதம் என்பது கோளாறின் செல்லப்பெயர் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

மாடி சார், ஒரு சோதனை செய்யுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஹெட்போன் முனையில் மல்டிமீட்டர் வைத்து ரிசீவரிலும் டாங்கிளிலும் ஒரே வோல்டேஜ் வரும்படி அமையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரை மாற்றச் சொல்லிப் பத்து முறை கேளுங்கள். பிறகு டாங்கிள் பக்கம் மட்டும் ஈக்வலைசரில் 90 ஹெர்ட்ஸில் அகலமாக இரண்டு டெசிபல் ஏற்றி இன்னொரு பத்து முறை.

மொட்டைமாடி வானொலி (ஒன்பது நாள் கழித்து):

மன்னிக்கவும், இத்தனை நாள் பெட்டி திறந்தே கிடந்தது.

முதலில் ஈயப்புகை அண்ணனுக்கு. வோல்டேஜ் திருகு 220-ல் இருந்தது, 240-க்கு மாற்றிவிட்டேன். டிசி ஆஃப்செட் இடது 12 மில்லிவோல்ட், வலது 85. உள்ளூரில் வேறொருவரிடம் கொண்டுபோனேன். வலது பக்க நுழைவாயில் டிரான்சிஸ்டர் ஜோடியை மாற்றி 9-க்கு இறக்கினார், பயாஸ் திருகுகளையும் புதிதாகப் போட்டார். ஹெட்போன் துளை ரிலேவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். ரெசிஸ்டரையும் பார்த்தேன்: ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. 330. ஓம் விதி சாருக்கு ஒரு காபி கடன்.

இனி சோதனை. பெரியம்மா பையன் பிளக்கை மாற்றினான், டோன் கன்ட்ரோல்கள் நடுவில். முதல் சுற்றில் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னேன். தொப்பி காட்டிக்கொடுத்தது. ஈக்வலைசர் போட்ட சுற்றில் ஆறு.

ஓம் விதி:

காசைச் சுண்டிச் சொன்னாலே ஐந்து வரும்.

சிராங்கூன் காது:

ரிசீவரில் பெரிய பிளக், டாங்கிளில் சின்னது. செருகும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாமே? முதல் சுற்றின் ஒன்பது அதனால் வந்ததாகக்கூட இருக்கலாம்.

மொட்டைமாடி வானொலி:

அதற்காகவே ஒவ்வொரு முறையும் இரண்டு பிளக்கையும் பிடுங்கிச் செருகச் சொன்னேன். பையன் இருபது ரூபாய் கேட்டான், கொடுத்தேன்.

ஓம் விதி:

அப்படியானால் ஒரு தீர்வு. ஸ்பீக்கர் முனையில் 100 ஓம் தொடரிலும் 10 ஓம் குறுக்கிலும் வைத்து, அந்த 10 ஓமிலிருந்து ஹெட்போனை எடுங்கள். வெளியீட்டு ஓம் ஒன்பதுக்கு இறங்கிவிடும். 100 ஓம் மட்டும் 5 வாட் போடுங்கள். ரிசீவரும் உங்களுக்கு, நேரான பாஸும் உங்களுக்கு.

மொட்டைமாடி வானொலி:

ஞாயிற்றுக்கிழமை பலகையில் கட்டிக் கேட்டேன். நீங்கள் சொன்னபடியே பாஸ் நேராகிவிட்டது. டாங்கிள் மாதிரியே இருந்தது. சாயங்காலம் கழற்றிவிட்டேன்.

ஓம் விதி:

ஆக, உங்களுக்குப் பிடித்தது ரிசீவர் அல்ல, அந்த ரெசிஸ்டர். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். டாங்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி வானொலி:

டாங்கிளின் ஒரு வோல்ட்டில் பாதிக்கு மேல் அந்த ரெசிஸ்டரே தின்றுவிடும், கணக்கு நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான். 'ஆம்ப் டப்பாக்கள் வீண்' என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ரிசீவரைப் பரணில் ஏற்றமாட்டேன். சித்தப்பா வந்து எஃப்எம் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார், அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அதை எந்த மீட்டரில் அளப்பது என்று கேட்கப்போகிறீர்கள், தெரியும்.

ஓம் விதி:

கேட்கவில்லை. காபி எப்போது?

ஈயப்புகை:

தம்பி, போட்டோவில் பெட்டியின் மேல் பின்னல் துணியும் பித்தளைப் பூச்சாடியும் தெரிகின்றன. சூடு போகும் ஓட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. இரண்டையும் எடு.

மொட்டைமாடி வானொலி:

அம்மாவிடம் சொல்லிவிட்டேன் அண்ணே. துணி போய்விட்டது. பூச்சாடி பேச்சுவார்த்தையில் இருக்கிறது.